இங்கிலீஷ் பாட்டை எழுதி எழுதி காதை சரி பண்ணுன 16 வாரம்

ஆடி மாசம் ஆரம்பிச்சது, இப்போ கார்த்திகை வந்தாச்சு. 200 பக்க கோடு போட்ட நோட்டு ஒண்ணு முடிஞ்சு ரெண்டாவது நோட்டுல பாதி வந்துருக்கேன். இதே மாதிரி சிக்கல்ல இருக்கறவங்களுக்கு உதவும்னு, என்னென்ன பண்ணேன், எங்க தப்பாச்சு, எது வேலை செஞ்சதுன்னு நடந்தது நடந்தபடி எழுதறேன்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்ததுல இருந்து சரக்கு போற வரைக்கும் பாத்துக்கறவன். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். பயர் (சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்க) அனுப்பற மெயில் படிச்சா எல்லாம் புரியும், பதிலும் எழுதிருவேன், லேப் டிப்பு, ஜிஎஸ்எம், ஷ்ரிங்கேஜ்னு வேலை சம்பந்தப்பட்ட வார்த்தை அத்தனையும் தெரியும். ஆனா போன் வந்தா போச்சு. அவங்க பேசறது ஒரே நீளக் கயிறு மாதிரி வரும், எங்க ஒரு வார்த்தை முடிஞ்சு எங்க அடுத்தது ஆரம்பிக்குதுன்னே தெரியாது.

இதுல இறங்கினதுக்குக் காரணம் ஒரு போன்தான். ஷிப்மென்ட்டை ரெண்டு லாட்டா அனுப்பலாமான்னு அமெரிக்காவுல இருக்கற ஒரு பயர்கிட்ட கேட்டிருந்தேன். அவர் சொன்னது "வீ கேன்ட் டேக் இட் இன் டூ லாட்ஸ்". என் காதுல விழுந்தது "வீ கேன் டேக்". சரின்னு ரெண்டா பிரிச்சு பேக் பண்ணி கார்ட்டன் மார்க்கிங் எல்லாம் போட்டு முடிச்சப்பறம் மெயில் வருது, முடியாதுன்னுதானே சொன்னேன்னு. அன்னைக்கு ராத்திரி பேக்கிங் செக்ஷன்ல இருந்த அக்காமாருங்க அத்தனை பேரும் என்னால விடியற வரைக்கும் உக்காந்து கார்ட்டனைப் பிரிச்சுப் பிரிச்சுத் திரும்ப அடுக்குனாங்க. அது இன்னமும் மனசுல உறுத்துது. ஒரே ஒரு "ட்" தான், அது என் காதுல விழல.

மொதல்ல நியூஸ் சேனல் பாத்தேன், வேகம் தாங்கல. அப்புறம் இங்கிலீஷ் படம் சப்டைட்டிலோட பாத்தேன், கண்ணு படிச்சுருது, காது சும்மா இருந்துருது, ரெண்டு மணி நேரம் படம் பாத்த திருப்தி மட்டும்தான் மிச்சம். பாட்டுன்னா வேற. ஒரே வரியை நாப்பது தடவை கேட்டாலும் சலிக்காது, பல்லவி திரும்பத் திரும்ப வரும், மெட்டு வரியைப் பிடிச்சு வச்சுக்கும், பஸ்ஸுல போகும்போதும் மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கும். நம்ம ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிங்க எத்தனை பாட்டு மனப்பாடமா வச்சிருக்காங்க, அந்த வழிதான் இதுன்னு தோணுச்சு.

தேவைப்பட்டது ரொம்பக் கம்மி. வயர் வச்ச இயர்போன் (ப்ளூடூத் வேண்டாம், நிறுத்தி நிறுத்திக் கேக்கறப்போ வரியோட தொடக்கம் வெட்டுப்படுது), ஒரு பழைய லேப்டாப்பு, அதுல பாட்டு ஓட்டறதுக்கு விஎல்சிங்கற சாஃப்ட்வேர், நோட்டு, நீலப் பேனா, சிவப்புப் பேனா. விஎல்சில சதுர அடைப்புக்குறி கீயை அழுத்துனா வேகம் குறையும், மூடற அடைப்புக்குறி அழுத்துனா கூடும், சமக்குறி அழுத்துனா பழைய வேகத்துக்கே வந்துரும். ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டற வசதியும் உண்டு. முக்கால் வேகம் போதும், அதுக்குக் கீழ போனா குரல் கொழகொழன்னு ஆயி இருக்கற தெளிவும் போயிரும்.

நோட்டுல இடது பக்கம் காதுல விழுந்தது, தமிழ் எழுத்துலயே, அர்த்தம் இருக்கோ இல்லையோ விழுந்தது விழுந்தபடி. வலது பக்கம் உண்மையான வரி. வித்தியாசம் வர்ற எடமெல்லாம் சிவப்பு. ஒரு நாளைக்கு நாலு வரி, ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு. வரியை முன்னாடியே படிச்சுட்டுக் கேக்கக் கூடாதுங்கறது மட்டும்தான் கண்டிப்பான சட்டம், ஏன்னா படிச்சுட்டா காது பொய் சொல்ல ஆரம்பிச்சுரும், கேக்காததையும் கேட்ட மாதிரியே இருக்கும்.

மொத வாரம் பாட்டைத் தேர்ந்தெடுத்ததுலயே தப்பு. அக்கா பொண்ணு ஒம்பதாவது படிக்கறா, இங்கிலீஷ் மீடியம், அவளுக்குப் பிடிச்ச வேகமான பாட்டு ஒண்ணைக் கொடுத்தா. டிரம்ஸும் பேஸும் குரல் மேல ஏறி உக்காந்திருந்தது, மூணு ராத்திரி போயிருச்சு, ரெண்டு வரி கூடத் தேறல. வாத்தியம் கம்மியா, ஒரே ஆள் நிதானமாப் பாடற பாட்டுதான் வேணும்னு அப்பதான் புரிஞ்சுது.

தேடுனதுல கெடச்சது சுசான் வேகா பாடுன டாம்ஸ் டைனர், 1987ல வந்த ஆல்பத்துல மொதப் பாட்டு. வாத்தியமே கெடயாது, வெறும் குரல்தான். எம்பி3 டெக்னாலஜியை உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான ஜெர்மனியோட கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சத்தத்தைச் சுருக்கும்போது குரல் கெட்டுப்போகுதான்னு பாக்க இந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டு சோதிச்சிருக்கார். தனிக்குரல்ல சின்னக் குறை இருந்தாலும் மறைய எடமில்லை. அவருக்கு எது உதவுச்சோ அதேதான் எனக்கும் உதவுச்சு, மறைஞ்சுக்க எடமில்லாததால ஒவ்வொரு எழுத்தும் காதுல வந்து விழுந்துச்சு. நியூயார்க்ல பிராட்வேயும் 112வது தெருவும் சந்திக்கற எடத்துல இருக்கற ஒரு ஓட்டல்தான் அந்தப் பாட்டோட எடம், காலைல ஒரு பொண்ணு அங்க உக்காந்து என்னென்ன பாக்கறாங்கறதுதான் பாட்டே, அதனால வரி முழுக்க "உக்காந்துட்டு இருக்கேன், ஊத்திட்டு இருக்காரு, பாத்துட்டு இருக்கேன்"னே ஓடும். பள்ளிக்கூடத்துல கரும்பலகைல எழுதிப் போட்ட ப்ரெசென்ட் கன்டினியுவஸ் எல்லாம் உயிரோட நடமாடுது.

அந்த மொத வரியிலேயே ஒரு பெரிய விஷயம் கெடச்சது. "இன் த மார்னிங்", "அட் த டைனர்", "ஆன் த கார்னர்". மூணும் ஒரே வரில வருது. நான் இடது பக்கம் எழுதுனதுல மார்னிங், டைனர், கார்னர் மூணும் சரியா இருக்கு, முன்னாடி வர்றது மூணுமே வெறும் "ந்த", "ந்த", "ந்த". ஏன்னு யோசிச்சுப் பாத்தேன். தமிழ்ல காலைல, ஓட்டல்ல, முனைல. மூணுக்கும் ஒரே "ல" தான், அதுவும் வார்த்தைக்குப் பின்னாடி ஒட்டிக்கும். இத்தனை வருசமா என் மனசு அந்த மூணையும் ஒண்ணாத்தான் கேட்டிருக்கு, மெயில்ல கூட "இன் மண்டே", "அட் திஸ் வீக்"னு நான் மாத்தி மாத்திப் போட்டதுக்கும் காரணம் இதுதான். அந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணப்பறம் மூணும் மூணு தனி ஆளா நிக்குது, சந்தேகம் வந்தா வரியைப் பாடிப் பாத்துக்கறேன், வேளைக்கு இன், இடத்துக்கு அட், முனைக்கு ஆன்.

வாரக் கடைசில நோட்டை அக்கா பொண்ணுகிட்ட காமிச்சேன். சிவப்புப் பேனா போட்ட எடத்தையெல்லாம் விரல் வச்சு எண்ணிப் பாத்துட்டு, "மாமா, பெரிய வார்த்தை எல்லாம் நீங்க கரெக்டா எழுதிருக்கீங்க, விட்டது பூராம் சின்னச் சின்ன வார்த்தைதான் மாமா"ன்னா. பாத்தா அப்படியேதான் இருக்கு. ஆஃப், டு, த, எ, வாஸ், ஹேவ், கேன். எனக்கு வொகாபுலரி பத்தலைன்னு இத்தனை நாளா நெனச்சு டிக்ஷனரியைப் பொரட்டிட்டு இருந்தேன், குறை அங்க இல்லவே இல்ல. மூணு எழுத்து வார்த்தைங்கதான் காதுல விழாமப் போகுது, "முடியும்", "முடியாது"ன்னு தலையெழுத்தை மாத்தறதும் அதே வார்த்தைங்கதான். அன்னைக்கு ராத்திரியில இருந்து பெரிய வார்த்தைக்கு அடிக்கோடு போடறதை விட்டுட்டு சின்ன வார்த்தைக்கு மட்டும் வட்டம் போட ஆரம்பிச்சேன். அவளுக்குத்தான் நன்றி சொல்லணும்.

ஏன் விழாமப் போகுதுங்கறதுக்கு பதில் நம்ம இலக்கணப் புத்தகத்துலயே இருந்துச்சு. குற்றியலுகரம் படிச்சிருப்போம்ல, "காது", "பாட்டு"ன்னு சொல்லும்போது கடைசி உகரம் அரை மாத்திரையா குறுகிப்போகும். இங்கிலீஷ்காரங்க அழுத்தம் இல்லாத எடத்துல எந்த உயிரெழுத்தா இருந்தாலும் அப்படிக் குறுக்கிருவாங்க. "ஆஃப்" வெறும் "அவ்" ஆயிரும், "டு" ஒரு "த்" மாதிரி ஆயிரும், "கேன்" வெறும் "க்ன்" ஆயிரும். நாம ஒவ்வொரு எழுத்துக்கும் முழுக் கூலி கொடுக்கற மாதிரி பேசறோம், அவங்க ஒரு எழுத்துக்குக் கொடுத்துட்டு அடுத்த மூணை ஓட விடறாங்க.

இன்னொண்ணு புணர்ச்சி. நன்னூல்ல வர்ற "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" பத்தாவதுல படிச்சது. மெய்யெழுத்துல முடியற வார்த்தைக்குப் பின்னாடி உயிரெழுத்து வந்தா ரெண்டும் ஒட்டிக்கும். "டர்ன் இட் ஆஃப்"ங்கறது "டர்னிடாஃப்" ஆகறது அதேதான். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு நான் காத்துட்டு இருந்தேன், அவங்க இடைவெளியே விடறதில்ல, தமிழ்ல நானும் விடறதில்ல. அந்த "டர்னிடாஃப்"ல இருக்கற ஒத்தை "ட"வை அமெரிக்காக்காரங்க "வீடு"ல வர்ற மாதிரி மெலிசாத்தான் சொல்றாங்க, "வீட்டு"ல வர்ற மாதிரி இல்ல. அவங்க "வாட்டர்" நமக்கு "வாடர்"னு கேக்கறதும் அதனாலதான். தமிழ் எழுத்துல எழுதி வச்சதால இந்த ஒத்தை ட, ரெட்டை ட வித்தியாசம் நோட்டுலயே கண்ணுக்குத் தெரிஞ்சுது. தமிழ்ல எழுதாதே, கெட்ட பழக்கம்னு ரெண்டு பேர் சொன்னாங்க. காது என்ன கேக்குதுன்னு பதிவு பண்றதுக்கு தமிழ் எழுத்து மாதிரி எனக்கு எதுவும் உதவல, நான் மாத்திக்கறதா இல்ல.

அஞ்சாவது வாரம் பீட்டில்ஸோட யெஸ்டர்டே, 1965. இங்கதான் பெரிய தப்பு ஒண்ணு தெரிஞ்சுது. அந்தப் பாட்டுக்கு பால் மெக்கார்ட்னி மெட்டை மொதல்ல போட்டுட்டு, வரி கெடைக்கற வரைக்கும் "ஸ்க்ராம்பிள்ட் எக்ஸ்"னு முட்டைப் பொரியலை வச்சுப் பாடிட்டு இருந்தாராம். நம்ம சினிமாவுல மெட்டுக்கு தத்தகாரம் சொல்ற மாதிரியே, தன்னானே தானேன்னு. அதைப் படிச்சதும் நானும் ஒவ்வொரு வரிக்கும் தத்தகாரம் எழுதலாம்னு தோணுச்சு, அழுத்தமான எடத்துக்கு "தாம்", ஓடற எடத்துக்கு "த". ஜாலியா எழுதிட்டே போனேன், பாட்டுல "யெஸ்-டர்-டேஏஏ"ன்னு கடைசி அசை இழுபடுது, அதனால "த த தாம்"னு போட்டுட்டேன். மறுநாள் ஆபீஸ்ல ஒரு கால்ல அதே வார்த்தையைக் கேட்டா, "யெஸ்" மேலதான் அழுத்தம், மிச்சம் ரெண்டும் ஓடிப்போயிருச்சு, "தாம் த த".

அப்ப மெட்டு அழுத்தத்தை இடம் மாத்திருது. அஞ்சு வாரமா பாட்டோட சேர்ந்து பாடப் பாட நல்லா வருதுன்னு சந்தோசப்பட்டது பாதி வீண், அந்த இழுவையோட போன்ல பேசுனா யாருக்கும் புரியாது. அதுக்கப்பறம்தான் முறையை மாத்துனேன். மொத நாலு நாள் கேட்டு எழுதறது. அஞ்சாவது நாள் மெட்டை உரிச்சு எடுத்துட்டு, அதே வரியை பக்கத்துல இருக்கற ஆள்கிட்ட சொல்ற மாதிரி சும்மா பேசறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அழுத்தம் எங்கன்னு டிக்ஷனரி ஆப்ல குரலைக் கேட்டு, பேச்சுக்கான தத்தகாரத்தை மெட்டுத் தத்தகாரத்துக்குக் கீழ தனியா எழுதறது. பேசுனதை போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேக்கறது. மெட்டை உரிச்சப்பறமும் வரி மனசுல இருக்கும், அதுதான் பாட்டோட உதவி. இந்த அஞ்சாவது நாள் இல்லாம வெறுமனே பாடிட்டு மட்டும் இருந்தா பாட்டு வரும், பேச்சு வராது, இதை நான் அழுத்தியே சொல்லுவேன்.

வரிகளை எங்க சரிபாக்கறதுங்கறதுலயும் அடி பட்டேன். லிரிக்ஸ் போடற சைட்டுங்கள்ல யாரோ காதுல கேட்டு டைப் பண்ணதுதான் நெறைய, ஒண்ணைப் பாத்து இன்னொண்ணு காப்பி அடிச்சிருக்கும், தப்பும் சேர்ந்தே போகும். ஒரு வரிக்கு ரெண்டு மணி நேரம் என் காது மேல சந்தேகப்பட்டு உக்காந்திருந்தேன், கடைசில பாத்தா அங்கதான் தப்பு. இப்போ பாடுனவங்களோட சொந்த சேனல்லயோ ஆல்பத்தோட வந்த தாள்லயோ இருக்கறதை மட்டும்தான் எடுத்துக்கறேன். பாட்டைத் தப்பாக் கேக்கறதுக்குன்னே இங்கிலீஷ்ல மாண்டக்ரீன்னு ஒரு வார்த்தை இருக்கு, சில்வியா ரைட்ங்கற எழுத்தாளர் 1954ல உண்டாக்குனது. சின்ன வயசுல ஒரு பழைய ஸ்காட்லாந்து கதைப்பாட்டுல "லெய்ட் ஹிம் ஆன் த க்ரீன்"ங்கறதை "லேடி மாண்டக்ரீன்"னு ஒரு சீமாட்டி பேரா கேட்டிருக்காங்க. அந்த பாஷைலயே பொறந்து வளந்தவங்களுக்கே அப்படின்னா, நாம தப்பாக் கேட்டா கூச்சப்பட என்ன இருக்கு.

எட்டாவது வாரம் கன்ட்ரி ரோட்ஸ், ஜான் டென்வர், 1971. வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம் 2014ல தன்னோட அதிகாரப்பூர்வ மாநிலப் பாட்டுகள்ல ஒண்ணா இதைச் சேத்துக்குச்சு. இதுல "த ப்ளேஸ் ஐ பிலாங்"னு ஒரு துண்டு. நடுவுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சோன்னு திரும்பத் திரும்பக் கேட்டேன், இல்ல, இணைக்கற வார்த்தையே இல்லாம அப்படியே ஒட்டி வச்சிருக்காங்க. நம்ம பெயரெச்சம் மாதிரிதான், "நான் பொறந்த ஊரு"ன்னு நாம முன்னாடி வைக்கறோம், அவங்க "ஊரு நான் பொறந்த"ன்னு பின்னாடி வைக்கறாங்க. அந்த வாரமே ஒரு கால்ல "த சாம்பிள் யூ சென்ட் லாஸ்ட் வீக்"னு வந்துச்சு. முன்னாடியா இருந்தா "நீங்க போன வாரம் சாம்பிள் அனுப்புனீங்க"ன்னு எடுத்துட்டு ஆமா ஆமான்னு சொல்லிருப்பேன். இந்தத் தடவை "நீங்க போன வாரம் அனுப்புன சாம்பிள்"னு விழுந்துச்சு, வரி இன்னும் முடியல, அந்த சாம்பிளுக்கு என்னன்னு சொல்லப் போறாங்கன்னு காத்திருந்தேன். நெக் ரிப் லூஸா இருக்குன்னாங்க. சரியாக் குறிச்சுக்கிட்டேன்.

பாட்டுல இருக்கற இலக்கணத்தை அப்படியே எடுத்துக்கக் கூடாது. பீட்டில்ஸோட டிக்கெட் டு ரைடுல "ஷீ"க்கு அப்புறம் "டஸன்ட்" வராம "டோன்ட்" வரும், ரோலிங் ஸ்டோன்ஸோட சாடிஸ்ஃபாக்‌ஷன்ல ஒரே வரில ரெண்டு தடவை இல்லைன்னு சொல்லியும் அர்த்தம் ஒரே இல்லைதான், ரெண்டும் 1965ல வந்தது. பேச்சு வழக்கு அப்படி, தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா ஆபீசுக்கு ஆகாது. நான் ஒரு மெயில்ல "வீ ஆர் கானா ஷிப்"னு எழுதி அனுப்பிட்டேன், எங்க சீனியர் அக்கா கூப்பிட்டு, "தம்பி, இது வாயில பேசறது, எழுதறப்போ கோயிங் டுன்னு எழுதுங்க"ன்னு பொறுமையாச் சொன்னாங்க. அதுலயிருந்து நோட்டுல அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் ஓரத்துல "வாய்" அப்படின்னு ஒரு வார்த்தை எழுதிருவேன். கேட்டா புரியணும், எழுதக் கூடாதுன்னு அர்த்தம்.

பதினொண்ணாவது வாரம்தான் அந்த "கேன்ட்"டுக்கு வந்தேன். எல்விஸ் பிரெஸ்லி 1961ல பாடுனது, கேன்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ். ரொம்ப மெதுவான பாட்டு, "கேன்ட்"டும் "ஹெல்ப்"பும் தனித்தனியா நீண்டு நிக்கும். ராத்திரி வீடு அடங்கினப்பறம் அந்த ஒரு எடத்தை மட்டும் ஓட்டி ஓட்டிக் கேட்டேன். கடைசி "ட்"டைத் தேடித் தேடிப் பாத்தேன். நாக்கு மேல போயி நின்னுடுது, வெடிக்கறதே இல்ல. "கேஏன்"னு உயிரெழுத்து முழுசா வந்து, சட்டுனு ஒரு அடைப்பு, அடுத்தது "ஹெல்ப்". அப்ப "ட்"டைத் தேடறதே தப்பு, உயிரெழுத்தைத்தான் கேக்கணும். "ஏ" முழுசா, கனமா விழுந்தா முடியாது. "க்ன்"னு நசுங்கி ஓடிப்போனா முடியும். லண்டன்காரங்க நம்மளை மாதிரியே "காண்ட்"னு சொல்றதால அவங்ககிட்ட இந்தத் தொல்லை இல்ல, அமெரிக்காக்காரங்ககிட்டதான். என் பயர் சொன்னதுல அடுத்த வார்த்தை வேற "டேக்", ரெண்டு ட்டும் ஒண்ணா ஒட்டிருச்சு, தனியா கேக்க அங்க எதுவுமே இருந்திருக்காது. நாலு மாசம் கழிச்சு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சப்போ எழுந்து போயி தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்தேன்.

போன வாரம் அதே பயர்கிட்ட இருந்து கால், ஒரு கலருக்கு துணி லேட்டாகுது, மத்த கலரை மொதல்ல அனுப்பலாமான்னு கேட்டேன். "வீ க்ன் டூ தேட்". நசுங்கித்தான் விழுந்துச்சு. இருந்தாலும் "ஸோ தட்ஸ் எ யெஸ்?"னு திருப்பிக் கேட்டு உறுதி பண்ணிட்டு மெயிலும் போட்டுட்டேன். கார்ட்டன் விசயத்துல காதை மட்டும் நம்பி இனிமே நடக்க மாட்டேன்.

இந்த வாரம் ஓடறது கே செரா செரா, டோரிஸ் டே 1956ல பாடுனது. இதுல ஒரு எடம் ரெண்டு நாளா பிடிபடல, இடது பக்கத்துல "விலை பீ"ன்னு எழுதி வச்சிருக்கேன், நாள் பூராம் பயர்கிட்ட விலை பேசறவனுக்கு வேற என்னதான் கேக்கும். வலது பக்கம் பாத்தா "வில் ஐ பி". ல் மேல ஐ ஏறி லை ஆயிருக்கு. நம்ம வாயில இது "வில்லை"ன்னுதான் வரும், தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்னு விதி நமக்கு, "டென் ஆப்பிள்"ளை நாம "டென்னாப்பிள்"னு சொல்றதும் அதனாலதான். அவங்க ரெட்டிக்கறதில்ல, ஒத்தை ல தான். அதை நோட்டுல எழுதி பக்கத்துல ரெண்டு வட்டம் போட்டேன்.

இயர்போனைக் கழட்டிட்டு ஸ்பீக்கர்ல ஓட விட்டேன். அடுப்படியில இருந்து அம்மா கூடவே பாடறாங்க, "சின்னப் பெண்ணான போதிலே"ன்னு. 1957ல வந்த ஆரவல்லி படத்துல இதே மெட்டுதான், சின்ன வயசுல சிலோன் ரேடியோவுல கேட்டதாம்.

"அந்த இங்கிலீஷ்ல என்னடா கேக்குது அந்தப் புள்ள?"

"நான் பெருசானா என்னவா ஆவேன், அழகா இருப்பேனான்னு அவங்கம்மாகிட்ட கேக்குதும்மா."

"இதுலயும் அம்மாகிட்டதான்டா கேக்குது"ன்னாங்க. தோசையைத் திருப்பிப் போட்டுட்டு, மறந்துபோன அடுத்த வரியை யோசிச்சு யோசிச்சு முணுமுணுத்துட்டு இருந்தாங்க, நான் பாட்டை மொதல்ல இருந்து திரும்பப் போட்டேன்.